யார் துடைத்த நாற்காலி?

நாற்காலியின் வரலாற்றைப் புரட்டினால் அதில் அமர்ந்தவர்களைப் பற்றித்தான் படிக்கக் கிடைக்கிறது. மன்னர், கலெக்டர், மிராசுதார். அதை மழைக்கு முன் உள்ளே எடுத்து வைத்தவர், வெயிலில் காயப்போட்டவர், துடைத்தவர் யார் என்று பார்க்கத் தொடங்கினால் கதை வேறாகிவிடுகிறது. நான் வசிக்கும் படப்பையில் இந்தக் கதையை வீட்டு வாசல்களைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஒரகடத்துக் கம்பெனி பஸ்கள் ஓடும் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையை விட்டு உள்ளே திரும்பினால், இடிபடாத திண்ணைகள் சில இன்னும் மிச்சமிருக்கின்றன.

வாசலில் உட்கார நமக்கு முதலில் இருந்தது திண்ணைதான். மண் திண்ணை என்றால் அடிக்கடி சாணம் போட்டு மெழுக வேண்டும். சிமென்ட் வந்த பிறகு அதில் ரெட் ஆக்சைடு கலந்து பூசி, தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். எங்கள் தெருவிலிருக்கும் பாட்டி ஒருவர் சொன்னார்: "மெழுவுறது நாங்க. உக்காந்து வெத்தல போடுறது அவுங்க. வெளியாள் வந்தா நாங்க உள்ள பூடணும்." சாதியும் அதே திண்ணையில்தான் இருந்தது. சேரியிலிருந்து வந்தவர் தெருவில் நின்றபடியே பேசிவிட்டுப் போனார். தன் வீட்டு வாசலில் தன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாலும், ஆதிக்க சாதிக்காரர் அந்த வழியே போனால் எழுந்து நிற்க வேண்டும் என்பது பல ஊர்களில் எழுதப்படாத சட்டம்.

கயிற்றுக் கட்டிலுக்கும் வேலை உண்டு. கயிறு தொய்ந்தால் கால்மாட்டில் இழுத்து முறுக்கிக் கட்ட வேண்டும். மூட்டைப்பூச்சி ஏறினால் சட்டப் பொருத்துகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, உச்சி வெயிலில் போட வேண்டும்.

வெள்ளைக்காரர்களின் பங்களா வராந்தாக்களில் நீண்ட கைகளும் பிரம்புப் பின்னலுமாகச் சாய்வு நாற்காலி இருந்தது. சட்டம் பெரும்பாலும் தேக்கு. அந்தத் தேக்கு உட்காருவதற்காக மட்டும் வளர்க்கப்பட்டதல்ல. சென்னை மாகாணத்தோடு இருந்த மலபாரின் கலெக்டர் கானலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியதற்கு முக்கியக் காரணம், கப்பல் கட்ட மரம் போதவில்லை என்பது. மலபார்த் தேக்கால் பம்பாயில் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறக்கப்பட்ட 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. உடைக்கப்பட்ட பழைய கப்பல்களின் தேக்குப் பலகைகளில் அந்த நாட்டில் தோட்டத்து பெஞ்சுகள் செய்து விற்றார்கள். மரத்துக்குள்ளேயே எண்ணெய்ப் பசை இருப்பதால் தேக்கு மழையையும் கரையானையும் தாங்கும். வெளியில் கிடந்து சாம்பல் நிறமாக மாறினால் அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. மேல்பரப்பு மட்டுமே வெளுத்திருக்கும். இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீரில், மென்மையான பிரஷ்ஷால் மர ரேகையின் போக்கில் தேய்த்தால் போதும்.

பிரம்பு அப்படியல்ல. வெயிலில் காய்ந்தால் உடையும், மழையில் ஊறினால் பூஞ்சை பிடிக்கும். தொய்ந்த பின்னலை அடிப்பக்கமாக ஈரத்துணியால் நனைத்து நிழலில் உலர்த்தினால் இறுகிக்கொள்ளும். பங்களாக்களில் இதைச் செய்தவர்கள் வேலையாட்கள். அந்த நாற்காலியை அவர்கள் தூக்கினார்கள், துடைத்தார்கள், அதன் பக்கத்தில் நின்றார்கள்.

பிறகு இரும்பு மடக்கு நாற்காலி வந்தது. கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் வாடகைக்குப் போனது. துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் பூச வேண்டும். தொண்ணூறுகளில் அதன் இடத்தை பிளாஸ்டிக் நாற்காலி பிடித்தது. ஒரே அச்சில், ஒரே வார்ப்பில் நாற்காலி செய்யும் முறையை 1972இல் பிரான்சின் ஆன்றி மசோனே இரண்டு நிமிடத்துக்குள் முடியும்படி சுருக்கியிருந்தார். பக்கத்திலிருக்கும் வாடகைக் கடைக்காரர் அதன் அருமையை வேறு விதமாகச் சொல்வார்: "இரும்பு சேரு ஒரு ஆளு நாலு தூக்குவான். இது பத்த அடுக்கித் தூக்கலாம் சார். ஓஸ் புடிச்சி அடிச்சா வேலை முடிஞ்சிது."

சுவிட்சர்லாந்தின் பேசல் நகரம் ஊரின் அழகு கெடுகிறதென்று 2008 முதல் 2017 வரை பொது இடங்களில் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தடை செய்திருந்தது. நம் ஊரில் அது செய்த வேலை அழகுக்குச் சம்பந்தமில்லாதது. கூலி வேலை செய்பவரின் வாசலுக்கும் நாற்காலி வந்தது. தலைமுறை தலைமுறையாக நின்றுகொண்டே பேசியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள்.

ஆனால் நாற்காலி மலிந்ததாலேயே இடம் கிடைத்துவிடவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டதும், மற்றவர்கள் நாற்காலியில் இருந்ததும் 2020 அக்டோபரில் ஒரு புகைப்படத்தால் வெளியே தெரிந்தது. அங்கே பஞ்சம் நாற்காலிக்கு இல்லை.

பராமரிப்பே வேண்டாம் என்பதும் பாதிதான் உண்மை. வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. கையால் தடவும்போது சுண்ணாம்பு மாதிரி ஒட்டினால், அது உடையும் நாள் நெருங்குகிறது. மரமும் பிரம்பும் உடையுமுன் கிறீச்சிடும், அசையும். இது பல சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல் காலை அகட்டிவிடும். வயதானவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். எனவே நிழலில் போடுங்கள். கம்பி நாரால் தேய்க்காமல் தேங்காய் நாரும் சோப்புத் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். வெளுத்ததைப் பெரியவர்களுக்குப் போடாதீர்கள்.

கழுவுவது யார் என்பதையும் கவனியுங்கள். முகூர்த்த நாள் முடிந்த சாயங்காலம் வாடகைக் கடையின் பின்னால், சாம்பார் காய்ந்த முந்நூறு நாற்காலிகளை இரண்டு பேர் கழுவிக்கொண்டிருப்பார்கள். திண்ணையை மெழுகியவர் யார் என்று தெருவுக்கே தெரிந்திருந்தது. இவர்களை, அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போன நம்மில் ஒருவரும் பார்ப்பதில்லை.