படிகத்தின் எல்லைத் தகராறு

1910-இல் சமஸ்தானக் காலத்தில் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகம் இன்று திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. நிலவியலுக்கும் அதில் ஒரு பிரிவு உண்டு. கனிமம் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கும் சமாச்சாரம் என்ற எண்ணத்தை உடைத்தது, ஒரு வகை சோலார் செல்லுக்குப் பெயர் கொடுத்த பெராவ்ஸ்கைட்.

1839-இல் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த அந்தக் கல்லுக்கு, ஜெர்மானியர் குஸ்டாவ் ரோஸ் ரஷ்யப் பிரபு பெரோவ்ஸ்கியின் பெயரைச் சூட்டினார். அந்தச் சோலார் செல்லில் இருப்பது அந்தக் கல் அல்ல. அதே அணு அடுக்கில், ஈயமும் அயோடினும் சேர்த்து ஆய்வகத்தில் தயாரித்த படிகம். ஜப்பானின் சுடோமு மியாசாகா குழு 2009-இல் செய்த செல், விழுந்த வெளிச்சத்தில் 3.8 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. அதுவும் சில நிமிடங்களுக்கு. செல்லுக்குள் படிகத்தைச் சுற்றியிருந்த மின்பகு திரவமே அதைக் கரைத்துவிட்டது.

தென்கொரியாவின் நாம்-கியூ பார்க் குழு 2012-இல் திரவத்தை எடுத்துவிட்டுத் திடப்பொருளை வைத்தது. செயல்திறன் 9.7 சதவீதமானது. படிகம் அதேதான், அதைத் தொட்டுக்கொண்டிருந்தது மாறியது.

அதன் பிறகு நடந்ததில் பெரும்பகுதி, படிகம் மற்றப் பொருளைத் தொடும் இடத்து எல்லைத் தகராறுதான். செல்லில் பெராவ்ஸ்கைட் மைக்ரானில் பாதி தடிமனுள்ள படலம். அதன் மேற்பரப்பில் பிணைப்பு கிடைக்காத ஈய அயனிகள் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்து வெப்பமாக வீணடிக்கின்றன. ஈரம் பட்டால் கருத்த படலம் மஞ்சளாகிவிடும். மிஞ்சுவது ஈய அயோடைடு. படலத்துக்கு அடியிலிருந்த டைட்டானியம் ஆக்சைடு அடுக்கோ புற ஊதாக் கதிரில் வம்பு செய்தது, அதனால் பலர் டின் ஆக்சைடுக்கு மாறினார்கள். மேலே அம்மோனியம் உப்பை மெல்லியதாகப் பூசிக் குறைகளை அடைத்தார்கள். இன்று ஆய்வகச் செல்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன.

இந்தச் சண்டை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. திருக்கோகர்ணத்துக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பட்டது. ஊர் வழக்கில் ‘செக்ரி’. உலோகத்தை உப்புக்காற்று எப்படி அரிக்கிறது என்று பார்க்கவே கடலோர ஊரான மண்டபத்தில் தனி நிலையம் வைத்தார்கள். காட்மியம் செலினைடு படலத்தைத் திரவத்தில் வைத்து வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆய்வுகளும் செக்ரியில் நடந்தன. வெளிச்சம் பட்டதும் படலம் திரவத்தில் அரிபடுவதுதான் அந்த வகை செல்லின் பழைய தொல்லை. மியாசாகாவின் தலைவலிக்குத் தூரத்து உறவு.

சதவீதச் சாதனைகள் தலைப்புச் செய்தியாகின்றன. நம் மொட்டைமாடிக்கு முக்கியம் வேறு கணக்கு: 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் தாங்கவேண்டிய சோதனை. 2024-இல் ஆக்ஸ்போர்டு பிவி நிறுவனம் தன் முதல் வணிகப் பலகைகளை அனுப்பியபோதுகூட பெராவ்ஸ்கைட்டைத் தனியே விடவில்லை; சிலிக்கான் மேல் ஏற்றித்தான் அனுப்பியது.