திண்டிவனத்துக்குப் பொருந்தாத பெரிய கார்

ஜி.எஸ்.டி. சாலையின் கதை – 19

1985-ஆம் ஆண்டில் வண்டலூர் வட்டாரத்துக்கு இரண்டு புதுவரவுகள். ஜூலையில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறந்தது. அதே ஆண்டில், பூங்காவுக்குச் சற்று வடக்கே, பெருங்களத்தூரையொட்டிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைச் சந்தைக்கு அனுப்பியது. பூங்காவுக்கு இன்றும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறையவில்லை. கார் மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தது. 1988-இல் உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் மூடிக்கொண்டது, இடம் 2006-இல் ஏலத்துக்குப் போனது. அந்தக் கம்பெனி செய்ததிலேயே பெரிய, விலை கூடிய கார் அதுதான். அது ஏன் தோற்றது என்று பழைய கார் விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டால் ஒரே வரியில் பதில் வரும்: இங்கிலாந்தின் ரோவர் காரின் உடம்பில் டிராக்டர் எஞ்சினை வைத்தார்கள், முடிந்தது கதை. இந்தப் பதில் பாதி உண்மை. எனவே முழுப் பொய்யைவிட ஆபத்தானது. அந்தக் காரில் நம் ஊருக்கு ஓரளவேனும் ஒத்துவந்த உறுப்பு அந்த எஞ்சின்தான் என்பது என் வாதம். ஒத்துவராதது உடம்பு. அதை மவுண்ட் ரோட்டில் நின்று பார்த்தால் தெரியாது. சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே இறங்கி, திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அன்றைக்குப் பெரிய கார் என்ன வேலை செய்தது என்று பார்த்தால் தெரியும்.

முதலில் எஞ்சினுக்கு நியாயம் செய்துவிடலாம். 1,991 சி.சி., நான்கு சிலிண்டர், எண்பது குதிரைத்திறனைச் சற்றே தாண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனி உருவாக்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து எஞ்சின் வான்கார்டு காரில் ஓடியது, ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் உழுதது, இதே 1,991 சி.சி. அளவில் டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரையும் இழுத்தது. டிராக்டர் எஞ்சின் என்று ஏசுபவர்கள் டி.ஆர்.2-வை ஏனோ மறந்துவிடுகிறார்கள். அதில் சிலிண்டர் லைனர்கள் தனியே கழற்றி மாட்டக்கூடியவை. தேய்ந்தால் பிளாக்கை லேத்துக்குத் தூக்கிப் போய் ரீபோர் செய்ய வேண்டியதில்லை. லைனரையும் பிஸ்டனையும் மாற்றினால் போதும். டிராக்டரைப் பிரித்துச் சேர்த்துப் பழகிய ஒரு பட்டறைக்காரரை மிரட்டக்கூடிய எதுவும் அதில் இல்லை. வேகம் குறைவு என்பது உண்மை. ரோவர் 1976-இல் இதே உடம்பில் 3.5 லிட்டர் வி8 எஞ்சினை வைத்து அறிமுகம் செய்தது. அதன் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் 1982-இல் இங்கிலாந்திலேயே இரண்டு லிட்டர் எஞ்சினோடு, சுமார் 100 குதிரைத்திறனில், ரோவர் இந்தக் காரை விற்கத் தொடங்கிவிட்டது. நம் பக்கம், 1985-இன் ஜி.எஸ்.டி. சாலை இருவழிச் சாலை. கரும்பு வண்டி, லாரி, எதிரே ஒளிவிளக்கோடு பாய்ந்து வரும் திருவள்ளுவர் பஸ் என்று இருந்த பாதையில் வி8 எஞ்சின் பெட்ரோலைக் குடித்திருக்குமே தவிர, விழுப்புரத்துக்கு யாரையும் முன்னதாகக் கொண்டு சேர்த்திருக்காது.

இனி உடம்பு. ரோவர் எஸ்.டி.1 என்ற அந்தக் கார் டேவிட் பாஷ் தலைமையில் வடிவம் பெற்றது. 1977-இன் ஐரோப்பியச் சிறந்த கார் விருதை வாங்கியது. அழகில் குறை சொல்ல இடமில்லை. நீளம் 4.7 மீட்டர், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,815 மில்லிமீட்டர். அம்பாசிடரின் நீளம் 4.3 மீட்டரைச் சற்றே தாண்டும், சக்கர இடைவெளி 2,464 மில்லிமீட்டர். அளவுகோலை வைத்துப் பார்த்தால் பெருங்களத்தூர்க் கார்தான் பெரிது, அதுவும் ஏறக்குறைய ஒரு முழம் அளவுக்கு. ஆட்களை ஏற்றிப் பார்த்தால் கணக்கு தலைகீழ். அம்பாசிடரின் முன் இருக்கை ஒரே பெஞ்சு, கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே. டிரைவரோடு முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர், மடியில் குழந்தைகள். ஸ்டாண்டர்டு 2000-இல் முன்னால் தனித்தனி இரண்டு இருக்கை, நடுவில் கியர். ஐந்து பேருக்கு மேல் ஏற்றினால் அந்தக் காரை வாங்கியதன் நோக்கமே போய்விடும். டிக்கியும் தனிப் பெட்டியாக இல்லை. பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் ஐந்தாவது கதவு, அதன் உள்ளே காரின் உட்புறத்தோடு ஒட்டிய சாமான் இடம். சரிந்த அந்தப் பெரிய கண்ணாடி இங்கிலாந்தின் மங்கல் வெயிலுக்குச் சுகம். அக்னி நட்சத்திரத்தில் மயிலம் கோயில் அடிவாரத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்த காருக்குள் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

திண்டிவனமும் விழுப்புரமும் சந்திப்பு ஊர்கள். திண்டிவனத்தில் சாலை பிரிந்து ஒரு கை புதுச்சேரிக்கும், மறு கை செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், நேர் சாலை விழுப்புரத்துக்கும் போகிறது. இந்த ஊர்களில் காருக்குப் பணம் போடக்கூடியவர் மல்லாட்டை மண்டிக்காரர், அரிசி ஆலை முதலாளி, பஸ் முதலாளி, சாலை கான்ட்ராக்டர் போன்றவர்களே. அவர்கள் வீட்டில் கார் தனி ஆளின் வாகனம் அல்ல. மேல்மலையனூர் அமாவாசைக்கும், பெண் பார்க்கப் பண்ருட்டிக்கும், பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகிற வண்டி. மேலே கேரியரில் மூட்டை ஏறும். வீட்டுப் பயன் முடிந்ததும் அதை டாக்சிக்காரர் வாங்குவார். அவர் ஓட்டித் தேய்த்ததை இன்னொருவர் வாங்குவார். முதல் சொந்தக்காரர் கொடுக்கும் விலையில் கணிசமான பகுதி, இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது. அம்பாசிடருக்கு 1980-ஐ ஒட்டியே டீசல் எஞ்சினும் வந்துவிட்டது. மந்தமான எஞ்சின்தான், ஆனால் டாக்சிக்குப் போதும். ஸ்டாண்டர்டு 2000 பெட்ரோல் மட்டுமே. டாக்சி ஸ்டாண்டுக்குப் போக முடியாத பெரிய காருக்குச் சிறு நகரத்தில் இரண்டாம் பிறவி கிடையாது. அதை வாங்குவது, திரும்ப விற்க முடியாத நிலத்தை வாங்குவது போல.

உதிரிபாகத்தையும் இதே கண்ணால் பாருங்கள். அம்பாசிடரின் உருவம் 1950-களின் கடைசியிலிருந்து பெரிதாக மாறவே இல்லை. குறை என்று நாம் சிரித்த அந்த மாறாமைதான் அதன் சொத்து. பதினைந்து வருடப் பழைய வண்டியின் கதவு புது வண்டிக்குப் பொருந்தும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதும் புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். மறுநாள் பஸ்ஸில் போட்டு அனுப்பினால் விழுப்புரம் வந்து சேரும். ஸ்டாண்டர்டு 2000-இன் எஞ்சினைத் திறக்க ஆள் இருந்தது. ஆனால் முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல் முன்கண்ணாடியை உடைத்தால்? ஹெட்லைட் போனால்? பின்கதவு நசுங்கினால்? இவை எல்லாம் இந்தியாவில் வேறெந்தக் காரும் பகிர்ந்துகொள்ளாத பாகங்கள். ஒரே ஒரு தொழிற்சாலை நன்றாக இருக்கும் வரைதான் அவை கிடைக்கும்.

வியப்பு என்னவென்றால், உடம்பை ஊருக்கேற்றபடி மாற்றும் கலை இந்தக் கம்பெனிக்குத் தெரியாதது அல்ல. 1948-இல் தொடங்கிய இந்த நிறுவனம் வான்கார்டு, டென், ஹெரால்டு, கஸல் என்று படிப்படியாக வந்தது. ஹெரால்டு இங்கிலாந்தில் இரண்டு கதவுக் கார். பெரியவர்கள் பின்னால் ஏற முன் இருக்கையை மடக்குவது நம் குடும்பங்களுக்குச் சரிவராது என்று கண்டு, நான்கு கதவு ஹெரால்டை இந்த ஊர்க்காரர்களே செய்தார்கள்; டிரையம்ஃப் கம்பெனி அப்படி ஒன்றைச் செய்யவே இல்லை. பிறகு கஸலில் பின்பகுதியைத் திருத்தினார்கள், பின் அச்சையும் நம் பள்ளம் மேட்டுக்கு உறுதியான வகைக்கு மாற்றினார்கள். அதே கை ஸ்டாண்டர்டு 2000-இல் என்ன செய்தது? எஞ்சினை மாற்றியது, காரின் அடிவயிற்றைத் தரையிலிருந்து உயர்த்தியது, அதோடு நிறுத்திக்கொண்டது. ஹெரால்டுக்குத் தனிச் சட்டம், அதன் மேல் உடம்பைக் கழற்றி மாட்டலாம். எஸ்.டி.1-இல் சட்டமும் உடம்பும் ஒன்றான அமைப்பு. உடம்பின் அமைப்பை மாற்ற, தகடு அழுத்தும் அச்சுகள் பலவற்றையும் மாற்ற வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். எஞ்சினை மாற்றுவது மலிவு, உடம்பை மாற்றுவது செலவு. கம்பெனி மலிவானதைச் செய்தது. பழி மட்டும் இன்றுவரை மாற்றிய உறுப்பின் மேலேயே விழுகிறது.

இதற்கு மறுப்பு உண்டு. கான்டெஸா ஐந்து பேர் உட்காரும் ஆங்கிலேய உடம்புதானே, அது மட்டும் எப்படிப் பிழைத்தது? நல்ல கேள்வி. வாக்ஸ்ஹால் உடம்பில் 1984-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் விற்கத் தொடங்கிய கான்டெஸாவின் எஞ்சின் 1,489 சி.சி., அம்பாசிடரின் அதே எஞ்சின். ஸ்டாண்டர்டு 2000-ஐவிடப் பலவீனமானது. எஞ்சின்தான் தலைவிதி என்றால் கான்டெஸா முதலில் செத்திருக்க வேண்டும். அது சாகாமல் இருந்ததற்குக் காரணம், அதைத் திறக்கத் தெரிந்த மெக்கானிக் ஒவ்வொரு தாலுகாவிலும் இருந்தார். அம்பாசிடர் விற்ற கடையே அதையும் விற்றது. சில ஆண்டுகளில் இசுசு பெட்ரோல் எஞ்சின் வந்தது, பின்னால் டீசலும் வந்தது. 2002 வரை ஓடியது. ஆனால் அந்த நீண்ட காலத்திலும் கான்டெஸா அம்பாசிடரின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஐந்து பேர் கார் பிழைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஊரின் வண்டி ஆகவில்லை. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கோ, கஸல் 1970-களின் இறுதியில் நின்ற பிறகு விற்பதற்குக் காரே இல்லை, வேன்தான். பல வருடம் கார் வராத கடைக்குத் திடீரென்று மிக விலை உயர்ந்த கார் ஒன்று வந்து நின்றது.

மாருதிதான் கொன்றது என்பார்கள் சிலர். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 மற்ற எல்லாக் கார்களையும் கிழடாகக் காட்டியது மெய். அது வருவதற்கு முன்பே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 10,000 ரூபாய் முன்பணம் கட்டிக் காத்திருந்தார்கள். ஆனால் 796 சி.சி. சிறு கார் பெரிய காரின் வேலையைச் செய்யாது. செய்திருந்தால் அம்பாசிடர் 2014 வரை நீடித்திருக்காது. தொழிலாளர் தகராறு என்ற காரணத்தை நான் தள்ளமாட்டேன். தொழிற்சாலை மூடியதில் தகராறுக்கும் பங்கு உண்டு. என்றாலும் அது கார் வராமல் போனதை விளக்குமே தவிர, வந்த காருக்கு வரிசை நிற்காமல் போனதை விளக்காது. பிடித்த காருக்கு வருடக்கணக்கில் காத்திருந்த நாடு இது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கூர்மையானது. மந்திரிகளுக்கும் கம்பெனி டைரக்டர்களுக்கும் செய்த காரைத் திண்டிவனத்து மண்டிக்காரரின் தராசில் நிறுப்பது முறையா? அன்று விழுப்புரம் ஒரு மாவட்டத் தலைநகர்கூட அல்ல; தென்னார்க்காட்டின் தலைநகர் கடலூர், விழுப்புரம் மாவட்டம் பிறந்ததே 1993-இல்தான். சரி, ஆனால் மந்திரிகளுக்கு அரசு அம்பாசிடரை வாங்கியது, டைரக்டர்கள் கான்டெஸாவுக்குப் போனார்கள். மிச்சமிருந்த பெரிய கார்ச் சந்தை இப்படிப்பட்ட ஊர்களின் கூட்டுத்தொகைதான். அந்தக் கூட்டுத்தொகையைக் கணக்கில் எடுக்காமல் போட்ட திட்டம் நகரத்தின் ஆசையை மட்டுமே நம்பிய திட்டம்.

பின்னால் நடந்தது இதற்குச் சாட்சி. 1994-இல் டாடா சுமோ, 2000-இல் டொயோட்டா குவாலிஸ், 2005-இல் இன்னோவா. எதுவும் செடான் அல்ல. அத்தனையும் டீசலில் கிடைத்தன, ஏழெட்டுப் பேரை ஏற்றின, டாக்சி ஸ்டாண்டிலும் வீட்டு வாசலிலும் ஒன்றுபோலப் பொருந்தின. அம்பாசிடர் விட்டுச்சென்ற வேலையை அவை எடுத்துக்கொண்டன. முகூர்த்த நாளில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசை கட்டும் டி.என்.32 (விழுப்புரம்), டி.என்.16 (திண்டிவனம்) வண்டிகளைப் பார்த்தாலே போதும். இதே சாலையில், மறைமலைநகரில் 1999-இல் ஃபோர்டு ஐகானைக் கொண்டுவந்தபோதுகூட, ஃபியஸ்டா என்ற சிறு காருக்குப் பின்னால் தனி டிக்கி சேர்த்து, நம் சந்தையை மனதில் வைத்து உடம்பைத்தான் முதலில் மாற்றினார்கள். டீசல் எஞ்சினும் அதற்குக் கிடைத்தது.

ஸ்டாண்டர்டு 2000-க்காகக் குவித்து வைத்திருந்த உதிரிபாகங்களில் பெரும்பகுதி இங்கிலாந்துக்கே திரும்பிப் போனது. அங்கே பழைய ரோவர்களைப் பேணுகிறவர்களுக்கு அவை பயன்பட்டன. இங்கே மிஞ்சிய கார்கள் மிகச் சில. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அந்தக் காரை வாங்கியவர்கள், பழுது பார்த்தவர்கள், அதன் ஆர்.சி. புத்தகமோ பில்லோ வைத்திருப்பவர்கள் யாரேனும் இருந்தால் இதழின் முகவரிக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் சுமோ.