இடிக்குமுன் எழுதி வைப்போம்

பழைய கட்டடத்தைப் பாதுகாப்பது என்றால் சுவரைப் பூசி வர்ணம் அடிப்பதுதான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். நம் காஞ்சிபுரம் வேறு பாடம் சொல்கிறது.

கைலாசநாதர் கோயிலை 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவர் பல்லவ மன்னர் ராஜசிம்மன். சில பத்தாண்டுகள் கழித்து, பகைவரான சாளுக்கிய மன்னர் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினார். ஆனால் கோயிலின் செல்வத்தை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பித் தந்தார். இதைச் சொல்வது அங்குள்ள மண்டபத் தூண் ஒன்றில் கன்னடத்தில் பொறித்த கல்வெட்டு. அந்தத் தூண் அழிந்திருந்தால், பகைவரின் பெருந்தன்மையும் நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அப்படியானால் பழையதைப் புதுப்பிக்கவே கூடாதா? புதுப்பிக்கலாம். திருமழபாடிக் கோயிலை இடித்துக் கட்ட ஆணையிட்ட முதலாம் ராஜராஜ சோழன், சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் சொன்னார். அவர் மகன் ராஜேந்திரன் காலத்தில், 1026-இல், அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன.

நம் திருச்சபையும் எழுத்தை மதிக்கிறது. திருமணப் பதிவேடு வைக்குமாறு 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குத்தந்தையரைப் பணித்தது. பழைய பதிவேடுகளைக் கவனமாகக் காக்கவேண்டும் என்கிறது இன்றைய திருச்சபைச் சட்டம்.

ஆகவே, ஆலயத்தைப் பெரிதாக்க நினைக்கும்போது, முதல் கடப்பாரை விழுமுன் அடிக்கல்லையும் கல்லறை எழுத்துகளையும் மணியில் பொறித்த ஆண்டையும் படம் எடுத்து வைப்போம். பழைய ஏடுகளை ஈரமும் கரையானும் அணுகாமல் காப்போம். நம் ஊர் நெசவாளர்கள் பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் இழைகளைப் பிணைத்துத்தான் நெசவைத் தொடர்கிறார்கள். நாமும் அப்படியே செய்வோம்.