மதுரை மோட்டார் வரலாற்றில் எண்ணெய் அழுத்தமானி

எண்ணெய் அழுத்தமானி என்பது, எஞ்சினுக்குள் ஓடும் மசகு எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் கருவியாகும். பட்டறைகளில் இது ஆயில் பிரஷர் கேஜ் எனப்படுகிறது. மனிதருக்கு நாடித்துடிப்பு எப்படியோ, எஞ்சினுக்கு எண்ணெய் அழுத்தம் அப்படி. தென் தமிழகத்தின் மோட்டார்த் தொழில் மதுரையில் வேரூன்றிய காலத்திலிருந்து, இந்தக் கருவி காட்டும் அளவைச் சரியாகப் புரிந்துகொள்வது ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் தேவையான அறிவாக இருந்து வருகிறது.

தோற்றம்

அழுத்தமானியின் அடிப்படை மோட்டார் வாகனத்தைவிடப் பழமையானது. பிரான்சு நாட்டுப் பொறியாளர் யூஜின் போர்டோன் 1849-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வளைந்த தட்டைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது, அது நிமிர முயன்று முள்ளை நகர்த்தும். முதலில் நீராவிக் கொதிகலன்களில் பயன்பட்ட இந்த அமைப்பு, பின்னர் கார்களுக்கும் வந்தது.

தொடக்கக் கால வண்டிகள் பலவற்றில் இக்கருவி இல்லை. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் எண்ணெய் பம்ப்பே கிடையாது. சுழலும் பாகங்கள் எண்ணெயை வாரி இறைக்கும். எண்ணெய் மட்டத்தை அறிய எஞ்சினின் அடிப்பகுதியில் மேலும் கீழுமாக இரண்டு சிறு குழாய்கள் இருந்தன. கீழ்க் குழாயைத் திறந்தால் எண்ணெய் சொட்ட வேண்டும்.

மதுரையில்

திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் பேருந்துத் தொழிலில் இறங்கினார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த அவரது டி.வி.எஸ். நிறுவனம், ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் விற்பனை முகவராகவும் விளங்கியது. அந்நிறுவனத்தின் செவ்ரோலெ வண்டிகளில் 1929-இல் ஆறு சிலிண்டர் எஞ்சின் அறிமுகமானது. இதில் முதன்மை பேரிங்குகளுக்கு பம்ப் வழியாகவும், கனெக்டிங் ராடுகளுக்கு வாரியிறைக்கும் முறையிலும் எண்ணெய் சென்றது. எனவே சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தமே இதற்கு இயல்பு. பிற்கால எஞ்சின்களின் 40, 50 பவுண்டு அளவைப் பழகியவர், இதைக் கோளாறு என்றே எண்ணக்கூடும். 'இயல்பான அளவு' எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' உருவாக்கப்பட்டது. பேருந்துகள் நின்றுவிடாமல் ஓட இது உதவியது. ஆனால் கரிவாயுவில் இயங்கும் எஞ்சின்களுக்குப் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. வாயுவைச் சரியாக வடிகட்டாவிட்டால் சாம்பலும் தூசியும் எஞ்சினுக்குள் புகுந்து, எண்ணெயுடன் கலந்து பேரிங்குகளை அரிக்கும். தேய்மானம் கூடக் கூட அழுத்தம் இறங்கும்.

போருக்குப் பின் பேருந்துகளும் லாரிகளும் டீசலுக்கு மாறின. 1972-இல் பேருந்துப் போக்குவரத்து அரசுடைமையாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது.

அழுத்தம் எப்படி உண்டாகிறது

எண்ணெய் பம்ப் தருவது ஓட்டத்தை மட்டுமே. அந்த ஓட்டத்துக்கு ஏற்படும் தடையே அழுத்தமாகிறது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் அடைத்தால் நீர் வேகமாகப் பீய்ச்சும்; விரலை எடுத்தால் தளர்ந்து விழும். பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளிதான் இங்கே அந்த விரல். இடைவெளி அகன்றாலோ எண்ணெய் நீர்த்தாலோ அழுத்தம் குறையும்.

வெப்பமும் இதில் சேர்கிறது. கோடையில் மதுரைச் சமவெளியின் வெயில் 40 டிகிரி செல்சியசை எட்டும். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக, 2,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கொடைக்கானலுக்கு ஏறும் வண்டியில் எண்ணெய் மிகவும் சூடேறி இளகும். மேலே போய் நின்றதும், காலையில் காட்டிய அளவைவிட முள் தாழ்ந்து நிற்பது இயற்கை. ஆயிரம் சுற்றுக்கு ஏறத்தாழ 10 பவுண்டு என்பது மெக்கானிக்குகள் பின்பற்றும் பொதுக் கணக்கு.

கோளாறு அறிதல்

முள் திடீரெனச் சுழியத்துக்கு இறங்கினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். பிறகு எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். வளைவுகளில் மட்டும் முள் ஆடினால், பெரும்பாலும் எண்ணெய் குறைந்திருக்கும். அளவுக்கு மீறி ஊற்றினாலும் எண்ணெய் நுரைத்து முள் ஆடும்.

மட்டம் சரியாக இருந்து, எஞ்சினில் தட்டும் ஓசையும் இல்லையென்றால், சென்சாரும் வயரும் சந்தேகத்துக்குரியவை. சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் நேரடி அழுத்தமானியைப் பொருத்திப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அதிலும் அளவு குறைந்தால் பம்ப், ரிலீஃப் வால்வு, எண்ணெய் உறிஞ்சும் வலை, பேரிங் ஆகியவற்றை ஆராய வேண்டும். எண்ணெயில் பெட்ரோல் அல்லது டீசல் வாடை வீசினால், எரிபொருள் கலந்து எண்ணெய் நீர்த்திருக்கிறது என்று பொருள்.

அழுத்தம் மிகுவதும் நல்லதன்று. குளிர்ந்த எஞ்சினில் சிறிது நேரம் அது கூடுதலாக இருக்கலாம். சூடான பிறகும் இறங்காவிட்டால், ரிலீஃப் வால்வு சிக்கியிருக்கலாம், எண்ணெய் வழி அடைத்திருக்கலாம், அல்லது எண்ணெய் அளவுக்கு மிஞ்சிக் கெட்டியாக இருக்கலாம்.

தாழ்ந்த முள்ளை உயர்த்தக் கெட்டியான எண்ணெயை ஊற்றுவது பரவலான பழக்கம். முள் ஏறும், தேய்மானம் அப்படியே இருக்கும். காய்ச்சலை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரைத் திருத்துவது போன்றது இது.

இன்றைய நிலை

இன்றைய கார்கள் பலவற்றில் முள்ளுக்குப் பதில் சிவப்பு விளக்கு மட்டுமே உள்ளது. அழுத்தம் ஏறத்தாழ 5 முதல் 7 பவுண்டுக்குக் கீழே போன பிறகே பொதுவாக அது எரியும். படிப்படியான சரிவை அது காட்டாது. ஆகவே விளக்கு எரிந்த பின் 'அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டினால், சில நிமிடங்களில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மறுபுறம், சிறு சென்சாரின் பழுதுக்காக எஞ்சினையே பிரிப்பதும் நடக்கிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இவ்விரண்டும் பேரிழப்பு. எண்ணெய் மட்டம் பார்க்கும் குச்சியும் நேரடி அழுத்தமானியும் இந்த இழப்புகளைத் தவிர்க்கும் எளிய வழிகளாகும்.