ஓலை, செப்பு, கோப்பு

திருத்தணி என்றதும் மலைமேல் நிற்கும் முருகனே எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருவார். வரலாற்றில் ஈடுபாடு கொண்டோர் அம்மலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் நினைத்தல் வேண்டும். நம் முன்னோர் ஆவணங்களை எந்த வடிவில் எழுதி, எப்படிக் கட்டிக் காத்தனர் என்பதை அறிய இவ்வட்டாரம் பெரிதும் உதவுகிறது. கணினியில் தமிழ்க் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் நமக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

திருத்தணியை அடுத்த வேலஞ்சேரியில் 1977ஆம் ஆண்டு இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று பல்லவர் அபராஜிதருடையது; மற்றொன்று முதலாம் பராந்தக சோழருடையது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி 1979இல் அவற்றை நூலாக வெளியிட்டார். இங்கிருந்து தொலைவில் இல்லாத திருவாலங்காட்டில், 1905ஆம் ஆண்டிலேயே முதலாம் இராஜேந்திரரின் புகழ்பெற்ற செப்பேடுகள் வெளிப்பட்டன. ஏடுகள் 31. வடமொழிப் பகுதிக்கு 10 ஏடுகள், தமிழ்ப் பகுதிக்கு 21 ஏடுகள்.

ஓர் அரச ஆணை செப்பேடாக மாறும் வழி நீளமானது. மன்னர் வாய்மொழியாக ஆணையிடுவார். திருமந்திர ஓலை எழுதுபவர் அதை ஓலையில் எழுதுவார். ஓலைநாயகங்கள் சரிபார்த்து ஒப்பமிடுவர். பின்னர் அது வரிப்புத்தகத்தில் பதிவாகும். நாட்டார்க்குத் திருமுகம் செல்லும். அவர்கள் அதை எதிர்சென்று தொழுது தலைமேல் ஏற்று, பெண்யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எழுதித் தருவர். இவையெல்லாம் முடிந்த பிறகே செம்பில் வெட்டும் வேலை. ஓலை அன்றாடப் புழக்கத்துக்கான வடிவம். செம்பு நெடுநாள் காப்புக்கான வடிவம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது தனியொரு பணி என்பதையும், அதற்கு முறையும் பொறுப்பாளரும் தேவை என்பதையும் சோழர் அலுவலகம் நன்கு உணர்ந்திருந்தது.

செப்பேட்டின் அமைப்பையும் கவனியுங்கள். ஏடுகளில் துளையிட்டு ஒரே வளையத்தில் கோத்தனர். வளையத்தின் இரு முனைகளும் சேருமிடத்தில் அரச முத்திரை. பல்லவர்க்கு அமர்ந்த காளை. சோழர்க்குப் புலியும் இரு மீன்களும் வில்லும். வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டைச் செருகவும் முடியாது, உருவவும் முடியாது. கொடுத்தவர், பெற்றவர், ஆட்சியாண்டு, எல்லை ஆகிய அனைத்தும் உள்ளேயே உள்ளன. திருவாலங்காட்டு வடமொழிப் பகுதியை இயற்றிய நாராயணரின் பெயரும் உள்ளது. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டிலும் இவ்வழக்கத்தைக் காணலாம். அங்குள்ள வெண்பாவைப் பாடியவர் மன்னர் அபராஜிதரே என்று கல்வெட்டே சொல்லிவிடுகிறது. ஆசிரியர் யார் என்று பின்வந்தோர் ஊகிக்க வேண்டிய நிலையை வைக்கவில்லை!

திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. தமிழ்ப் பகுதி இராஜேந்திரரின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏறத்தாழ கி.பி. 1018. வடமொழிப் பகுதியோ அதற்குப் பின் நிகழ்ந்த கங்கைப் படையெடுப்பையும் கடார வெற்றியையும் பேசுகிறது. ஆகவே அது பின்னாளில் சேர்க்கப்பட்டதென்பது ஆய்வாளர் முடிவு. ஆணை பிறந்த காலம் வேறு, தொகுப்பு நிறைவுற்ற காலம் வேறு. தமிழ்ப் பகுதி தன் ஆட்சியாண்டைத் தன்னுள்ளேயே வைத்திருந்ததால்தான் இவ்வேறுபாட்டை இன்று நம்மால் கண்டுகொள்ள முடிகிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களை மின்னாக்கம் செய்தபோது கையாண்டது திஸ்கி குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. இவை தவிர நிறுவனத்துக்கொரு எழுத்துரு. ஒரே எண் ஒன்றில் ஓர் எழுத்தையும் மற்றொன்றில் வேறோர் எழுத்தையும் குறித்தது. 2010 ஜூனில் ஒருங்குறி அரசின் தரமானது. மதுரைத் திட்டம் தன் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது. தனியார் வட்டுகளில் உறங்கும் கட்டுரைகளுக்கும் கல்வெட்டுப் படிகளுக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. ஆயிரம் ஆண்டுச் செம்பைப் படிக்கிறோம். இருபது ஆண்டுக் கோப்பைத் திறந்தால் கேள்விக்குறிகள் நிற்கின்றன!

இக்கோப்புகளைத் தொகுக்க நூலகங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களில் ஒன்று டிஸ்பேஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹியூலட்-பேக்கார்டு நிறுவனமும் 2002இல் வெளியிட்டது. அதில் கோப்பு வடிவங்களுக்கென்றே ஒரு பதிவேடு உண்டு. வடிவத்தின் பெயர், விளக்கம், பின்னொட்டு, தாங்குநிலை ஆகியவற்றை நிர்வாகி அதில் புதிதாகச் சேர்க்கலாம். மென்பொருள் பின்னொட்டைக் கொண்டே வடிவத்தை ஊகிக்கிறது. திஸ்கியில் தட்டிய உரைக்கோப்பையும் சாதாரண உரை என்றே கொள்ளும். அறியப்பட்ட வடிவம் என்றும் குறித்துவிடும். எழுத்து எதுவும் தெரியாது, பதிவேட்டில் மட்டும் குறை இராது. ஆகவே திஸ்கி உரை, டாப் உரை என்று தனித்தனி வடிவங்களாகத் தனிப் பின்னொட்டுகளுடன் பதிந்து, எழுத்துருவின் பெயரை விளக்கத்தில் எழுதிவைத்தல் நலம்.

காப்புப்படிக்கு 2005இல் பன்னாட்டுத் தரமான பிடிஎஃப்/ஏ உள்ளது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிவது அதன் சிறப்பு. ஆயினும் அதன் அடிப்படை நிலை தோற்றத்தை மட்டுமே காக்கும். பழைய எழுத்துருவில் அமைந்த பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. ஒருங்குறி இணைப்பைக் கட்டாயமாக்கும் நிலை 2011இல் வந்த இரண்டாம் பகுதியில் உண்டு. தமிழுக்கு அதுவே ஏற்றது. மூலக்கோப்பு, ஒருங்குறிப் படி, பிடிஎஃப்/ஏ மூன்றையும் பேக்இட் முறையில் ஒரே பொதியாகக் கட்டலாம். அப்பொதியில் கோப்புகளின் பட்டியலும் ஒவ்வொன்றின் சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் எண் காட்டிக்கொடுக்கும். ஆனால் எண்களையும் சேர்த்து மாற்றிவிட எவராலும் முடியும். ஆகவே அவற்றின் படியொன்றை வேறிடத்தில் வைத்தல் வேண்டும். சோழர் முத்திரைக்குப் பின்னால் வரிப்புத்தகம் இருந்ததும் இதற்காகத்தானே!

செம்பு வலிமையான உலோகம் என்பதால் மட்டும் இவ்வேடுகள் பேசவில்லை. தம்மைப் படிக்கவும் நம்பவும் வேண்டியவற்றைத் தம்முள்ளேயே கொண்டதால் பேசுகின்றன. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டபோது, அங்கு நடந்த எத்தனையோ தமிழ் உரையாடல்களுக்கு எஞ்சியவை உறுப்பினர் சிலர் இறக்கி வைத்த படிகளே. அவற்றில் பழைய குறியீட்டில் உள்ளவற்றை, எந்த எழுத்துருவில் தட்டினோம் என்று நினைவிருப்போர் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். திருமுகம் வந்துவிட்டது, எல்லை நடக்க வேண்டிய நாட்டார் நாம்தான்.