பொருந்திய தோட்டா, பொருந்தாத மருந்து

ஒரு துப்பாக்கிக்கு உரியதல்லாத தோட்டா என்றதும், உள்ளே நுழைய மறுக்கும் ஒன்றையே நாம் கற்பனை செய்கிறோம். நுழையாத தோட்டாவால் பெரிய கேடு எதுவும் இல்லை. திருப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். தடையின்றி நுழைந்து, பின்கதவும் ஒழுங்காக மூடிக்கொண்ட பிறகு சுடப்படுகிற தவறான தோட்டாவே அஞ்சத்தக்கது.

1888இல் ஜெர்மானியப் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கியின் குண்டு மழுங்கிய முனை கொண்டது. அதன் விட்டம் ஏறத்தாழ 8.1 மில்லிமீட்டர். 1903இல் எடை குறைந்த கூர்முனைக் குண்டு வந்தபோது விட்டம் 8.2 மில்லிமீட்டர் ஆயிற்று. வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பித்தளைக் கூடு ஏறக்குறைய பழையதே என்பதால் புதிய தோட்டா பழைய துப்பாக்கிக்குள் எளிதாகச் சென்று அமர்ந்தது. ஆனால் குழலுக்குள் நெருக்கிக்கொண்டு போகும் குண்டின் பின்னால் வாயுவின் அழுத்தம் அளவு மீறி ஏறும். ஆகவே பழைய துப்பாக்கிகளைத் திருத்தியமைத்த ஜெர்மானியர், திருத்தப்பட்டவற்றின் மேல் 'எஸ்' என்ற எழுத்தைப் பொறித்தார்கள். சிப்பாய் பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் எழுத்தாவது இருந்தது.

அறுபதாண்டுகளுக்குப் பிறகு வியட்நாமில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்க்கு அந்த ஓர் எழுத்தும் கிடைக்கவில்லை. அவனுடைய தோட்டாவில் கூடும் சரி, குண்டும் சரி, எல்லாம் அளவாகவே இருந்தன. மாறியிருந்தது உள்ளே அடைத்திருந்த மருந்து.

யூஜின் ஸ்டோனர் 1950களின் பிற்பகுதியில் வடிவமைத்த ஏஆர்-15 துப்பாக்கியே பின்னாளில் எம்-16 எனப் பெயர் பெற்றது. எடை குறைவு, சிறிய குண்டு, மிகுந்த வேகம். 1962இல் வியட்நாமில் நடந்த கள சோதனைகளில் அதற்கு நற்பெயரே கிடைத்தது. சுட்டவுடன் எழும் வாயுவின் ஒரு பகுதி மெல்லிய குழாய் வழியே பின்னோக்கி வந்து, இயங்கு பாகங்களைத் தள்ளி, வெற்றுக் கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றும். அந்த வாயு எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தோடு வரவேண்டும் என்பதே இத்துப்பாக்கியின் உயிர்நாடி. டூபாண்ட் நிறுவனத்தின் நீள்மணி வகை மருந்தைக் கொண்டே ஸ்டோனர் அதை இசைவித்திருந்தார்.

படையின் தளவாடத் துறை தோட்டாவுக்கு வகுத்த வேகத்தையும் அழுத்த வரம்பையும் அந்த மருந்தால் பெருந்தொகை உற்பத்தியில் ஒருசேர நிறைவேற்ற முடியவில்லை. 1964இல் ஒலின் நிறுவனத்தின் உருண்டைமணி மருந்துக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. அது புதியதும் அன்று, கெட்டதும் அன்று; வேறு துப்பாக்கிகளில் நன்றாகவே வேலை செய்த மருந்து. ஆனால் அது எரியும் விதம் வேறு. பின்னோக்கி வரும் வாயுவின் அழுத்தம் கூடியதால், நிமிடத்துக்கு எண்ணூறு குண்டுகளுக்கு உள்ளாக இருந்த சுடுவேகம் ஆயிரத்தை நெருங்கியது. அறைச்சுவரோடு விரிந்து ஒட்டிய கூடு தளர்வதற்கு முன்பே அதைப் பிடித்து இழுத்தது கொக்கி. அமிலத்தன்மையை ஆற்றுவதற்காக மருந்தில் சேர்க்கப்பட்டிருந்த கால்சியம் கார்பனேட் வாயுக்குழாயில் படிந்தது. தோட்டா அறைக்கு அப்போது குரோமிய முலாம் இல்லை. வியட்நாமின் ஈரக்காற்றில் அது அரித்தது. போதாக்குறைக்கு, இத்துப்பாக்கியை அதிகம் துடைக்க வேண்டியதில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. துடைப்புக் கருவிகளுக்கும் தட்டுப்பாடு.

இதில் நம்மை மிகவும் உறுத்துவது வேறொன்று. புதிய மருந்தால் சுடுவேகம் வரம்பு மீறுகிறது என்று துப்பாக்கியைத் தயாரித்த கோல்ட் நிறுவனம் தெரிவித்தது. தொழிற்சாலைச் சோதனைக்கு மட்டும் வேறு மருந்து அடைத்த தோட்டாக்களைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. போர்க்களத்துக்கோ உருண்டைமணி மருந்துத் தோட்டாக்கள் தொடர்ந்து சென்றன. ஒரு மருந்தில் தேர்வு எழுதிய துப்பாக்கி, வேறொரு மருந்தோடு போருக்கு அனுப்பப்பட்டது.

1967 ஏப்ரல், மே மாதங்களில் கே சான் அருகிலுள்ள குன்றுகளில் நடந்த சண்டையின்போது, மரைன் படையினரின் கைக்கு எம்-16 வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கூடு சிக்கிய துப்பாக்கியை மீட்க வேண்டுமானால், குழலின் முன்வாயில் இரும்புக் கோலைச் செருகிக் கூட்டைப் பின்னால் தள்ள வேண்டும். எதிரி சில கஜ தூரத்தில் இருக்கும்போது அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பத்திரிகைகளுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் எட்டின. ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையிலான துணைக்குழு விசாரித்து 1967 அக்டோபரில் அறிக்கை தந்தது. துப்பாக்கியின் கோளாறுகளுக்கு மருந்து மாற்றத்தை முதன்மைக் காரணமாகச் சுட்டிய அக்குழு, அம்மாற்றத்துக்குப் போதிய சோதனை ஆதாரம் இல்லை என்றும் கண்டித்தது. அதுவரை, சரியாகத் துடைக்கவில்லை என்று பழி பெரிதும் சிப்பாயின் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு அறைக்குக் குரோமிய முலாம் வந்தது, தாங்குவிசை அமைப்பு மாற்றப்பட்டது, மருந்தில் கால்சியம் கார்பனேட்டின் அளவு குறைக்கப்பட்டது. பின்னாளில் சித்திர நாவலுக்குப் பெயர் பெற்ற வில் ஐஸ்னர், துப்பாக்கியைப் பேணுவது எப்படி என்று சிப்பாய்களுக்குப் படக்கதைக் கையேடு வரைந்தார். உருண்டைமணி மருந்து கைவிடப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கியையும் மருந்தையும் ஒன்றுக்கொன்று இசைவித்த பிறகு அதே வகை மருந்து எம்-16 வரிசையில் பல்லாண்டுகள் ஒழுங்காக எரிந்தது. தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை அவ்வளவுதான். அது நடக்கும் வரையிலான இடைவெளியைக் குன்றுகளின் மேல் நின்றவர்கள் தங்கள் உயிரால் நிரப்பினார்கள்.