கண்களா, கணினிகளா?
லினக்ஸ் வன்பொருள் ஆதரவின் வரலாற்றில் பயனர் சாட்சியம்

லினக்ஸின் வரலாற்றை எழுத வருபவர்கள் எரிக் ரேமண்டைக் கடக்காமல் போக முடிவதில்லை. 1997 மே மாதம் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் அவர் வாசித்து, 1999இல் நூலாகவும் வெளிவந்த ‘தி கதீட்ரல் அண்ட் தி பஜார்’ அந்த இயங்குதளம் எப்படி வளர்ந்தது என்பதற்கு ஒரு விளக்கம் தந்தது. அதன் மையத்தில் இருப்பது, லினக்ஸைத் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸின் பெயரால் ரேமண்ட் சூட்டிய ‘லைனஸ் விதி’. நிரலை ஆராயும் ‘கண்கள்’ பெருகப் பெருக வழுக்கள் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போகும் என்பது அதன் சாரம். பின்வந்தோர் பலர் வன்பொருள் ஆதரவையும் இந்த விதியின் கீழேயே வைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான அட்டைகளிலும் சில்லுகளிலும் லினக்ஸ் ஓடுவதற்கு, ஆயிரக்கணக்கானோர் அதன் மூலநிரலைப் படித்ததே காரணம் என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது.

அந்த எண்ணத்தை இக்கட்டுரை மறுக்கிறது. வன்பொருள் ஆதரவு வளர்ந்தது படித்தவர்களின் எண்ணிக்கையால் என்பதைவிட, வெவ்வேறு இயந்திரங்களின் முன் உட்கார்ந்திருந்தவர்களின் சாட்சியத்தால் என்பதே ஆதாரங்களுக்கு நெருக்கமான வாசிப்பு.

ரேமண்டின் வாதமும் அதன் எல்லையும்

ரேமண்டுக்கு உரிய நியாயத்தை முதலில் செய்துவிட வேண்டும். பயனர்களை அவர் மறக்கவில்லை. பயனர்களைக் கூட்டு நிரலர்களாக நடத்த வேண்டும் என்றும், முன்னோட்டப் பதிப்புகளைச் சோதிப்போரின் வட்டம் பெரிதாக இருக்க வேண்டும் என்றும் அழுத்திச் சொன்னவர் அவர். வழுவைக் கண்டுபிடிப்பவர் ஒருவராகவும் அதைப் புரிந்து தீர்ப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்ற டோர்வால்ட்ஸின் திருத்தத்தையும் அவர் தம் கட்டுரையிலேயே பதிவு செய்திருக்கிறார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சோதிப்போரை அவர் தலைக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார். பத்தாயிரம் பேர் ஒரே மாதிரிக் கணினியில் சோதித்தால், வன்பொருளைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ ஒரே சோதனைதான். யாரிடமும் இல்லாத அட்டையை வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பத்தாயிரம் பேராலும் சொல்ல முடியாததைச் சொல்கிறார். அவருக்கு சி மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எண்ணிக்கையும் வகைமையும் வேறு வேறு. ரேமண்டின் விதி முதலாவதைப் பற்றிப் பேசி இரண்டாவதையும் சேர்த்து விளக்கிவிட்டதாக நினைக்கிறது.

இந்தப் பார்வைக்கு அவர் தேர்ந்தெடுத்த சான்றும் காரணமாக இருக்கலாம். தம் கொள்கையை அவர் சோதித்துப் பார்த்தது ஃபெட்ச்மெயில் என்ற அஞ்சல் இழுக்கும் நிரலில். அது வன்பொருளை நேரடியாகத் தொடாது. ஆனால் அங்கும் பெரிய தலைவலி வகைமைதான்: ஒவ்வொரு அஞ்சல் சேவையகமும் நெறிமுறையைத் தன் போக்கில் செயல்படுத்தும்; அந்தச் சேவையகத்தில் கணக்கு வைத்திருப்பவர் சொன்னால் ஒழிய அதன் கோணல் வெளியே தெரியாது. ரேமண்டின் கையிலேயே மாற்றுச் சான்று இருந்திருக்கிறது. அதை அவர் எண்ணிக்கையின் வெற்றியாகவே வாசித்தார்.

1991: ஒருவரின் மேசை அளவு

தொடக்கநிலை எப்படி இருந்தது என்பதில் ஐயமில்லை. 1991 ஜனவரியில் டோர்வால்ட்ஸ் 33 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 4 எம்.பி. நினைவகமும் கொண்ட ஒரு 386 கணினி வாங்கினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் எனும் இயங்குதளத்தின் பயனர்களுக்கு விடுத்த அறிவிப்பில், தம் இயங்குதளம் 386, 486 ரகக் கணினிகளுக்கானது என்றும், ஏ.டி. வகை ஹார்டு டிஸ்க் தவிர வேறெதையும் அது ஆதரிக்கப்போவதில்லை என்றும் சொன்னார். தம்மிடம் இருப்பது அது மட்டும்தான் என்பதே அவர் சொன்ன காரணம். அன்றைய ஆதரவின் எல்லை ஹெல்சிங்கியில் ஒரு மாணவரின் மேசையோடு முடிந்தது.

அந்த எல்லை உடைந்த முதல் இடங்களில் ஒன்றை அவரே பின்னர் தம் நூலில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜெர்மனியில் ஒருவரிடம் 2 எம்.பி. நினைவகம் மட்டுமே இருந்தது. இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலைத் தொகுக்க அது போதவில்லை. நினைவகத்தில் இருப்பதை வட்டில் இறக்கிவைக்கும் வசதி டோர்வால்ட்ஸுக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் அந்தப் பயனருக்காக அதை எழுதினார். 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் அது சேர்ந்தது. யாரும் நிரலைப் படித்து இந்தக் குறையைக் கண்டுபிடித்துத் தரவில்லை. சிறிய கணினி ஒன்றும் அதன் உரிமையாளர் கேட்ட கேள்வியுமே அதை வெளிக்கொணர்ந்தன.

‘எச்.எல்.டி.’ வரி

என் வாதத்துக்கு முதன்மைச் சான்றாக ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். 2.4 கெர்னல் ஓடிய 32 பிட் கணினியில் ‘ப்ராக்’ அடைவிலுள்ள ‘சிபியு-இன்ஃபோ’ கோப்பைத் திறந்தால், சில்லின் பெயர், வேகம் முதலியவற்றை அடுத்து நான்கு வரிகள் வரிசையாக நிற்கும்: எஃப்டிவ் வழு, எச்.எல்.டி. வழு, எஃப்00எஃப் வழு, கோமா வழு. பெரும்பாலான கணினிகளில் நான்குக்கும் எதிரே ‘நோ’ என்றே இருக்கும். பார்வைக்கு ஒரே தரத்துச் செய்திகள். மூலநிரலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நான்கும் ஒரே வழியில் அறியப்பட்டவை அல்ல என்பது தெரியும்.

எஃப்டிவ் வரியைக் கணினி தானே சோதித்து எழுதுகிறது. 4195835ஐ 3145727ஆல் வகுத்து, ஈவை மீண்டும் பெருக்கி, மூல எண்ணிலிருந்து கழிக்கிறது. பூச்சியம் வராவிட்டால் அது 1994இல் அம்பலமான குறையுள்ள பென்டியம். அந்தக் குறையைக் கண்டறிந்த கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லிக்கும், பழைய கணினிகளோடு பென்டியம் ஒன்றும் சேர்ந்து விடைகள் ஒத்துப்போகாமல் நின்றபோதுதான் ஐயம் பிறந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எஃப்00எஃப், கோமா ஆகிய இரண்டையும் கெர்னல் சோதிப்பதில்லை. சோதித்தால் கணினி உறைந்துவிடும். சில்லின் குடும்பத்தையும் மாதிரியையும் பார்த்து ஊகித்து எழுதுகிறது.

எச்.எல்.டி. வரி இந்த இரண்டு வகையிலும் சேராது. செய்ய வேலை இல்லாதபோது, அடுத்த குறுக்கீடு வரும்வரை சில்லை ஓய்ந்திருக்கச் சொல்லும் கட்டளை எச்.எல்.டி. சில 486 சில்லுகள் அந்த ஓய்விலிருந்து ஒழுங்காக மீளவில்லை. எனவே பூட் ஆகும்போது கெர்னல் ஒரு சோதனை செய்தது: ‘எச்.எல்.டி. கட்டளையைச் சரிபார்க்கிறேன்’ என்ற பொருளில் திரையில் ஒரு செய்தி எழுதி, அந்தக் கட்டளையை அடுத்தடுத்து நான்கு முறை இட்டு, பிறகு ‘ஓகே’ என்று எழுதியது. டைமர் வினாடிக்கு 100 முறை தட்டி எழுப்பும் என்பதால் நல்ல சில்லில் எல்லாம் ஒரு வினாடியில் 25இல் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கெட்ட சில்லில் ‘ஓகே’ வராது. செய்தி பாதியில் நிற்கும், கணினியும் நிற்கும்.

நின்றுபோன கணினியால் தன் குறையை எந்தக் கோப்பிலும் எழுத முடியாது. அதன் முன் உட்கார்ந்திருப்பவர், முற்றுப்பெறாத அந்த வரியைப் பார்த்து, மறுமுறை பூட் செய்யும்போது ‘நோ-எச்.எல்.டி.’ என்று தட்டச்சு செய்ய வேண்டும். செய்தால் கெர்னல் அந்தக் கட்டளையைத் தவிர்த்துவிட்டு, வழு உண்டு எனக் கோப்பில் எழுதும். அதாவது இந்த ஒரு வரியில் ‘எஸ்’ என்ற விடை மனித வாயிலிருந்து மட்டுமே வர முடியும். ‘நோ’ என்பதற்கும் ‘பயனர் எதுவும் சொல்லவில்லை, கணினி பிழைத்துவிட்டது’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

ரேமண்டின் விதியை இந்த வரியின் மேல் வைத்துப் பார்க்கலாம். சோதனைக்குரிய நிரல் சில வரிகளே கொண்டது. அதில் பிழை எதுவும் இல்லை. அதை ஆயிரம் பேர் ஆயிரம் முறை படித்தாலும் எந்தச் சில்லு மீளாது என்பது தெரியப்போவதில்லை. அறிவு நிரலுக்கு வெளியே, யாரோ ஒருவரின் உறைந்த திரையில் இருந்தது.

இதன் காலத்தை இறுக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. 1996 ஜூனில் வந்த 2.0 பதிப்பில் சோதனை முழுமையாக இருக்கிறது. அதுவே உறுதியான பின் எல்லை. பூட் விருப்பங்களுக்கான கையேடு, 100 மெகாஹெர்ட்ஸ் 486 சில்லுகள் சிலவற்றைக் காரணம் காட்டுகிறது. இண்டெலின் அந்த வேகச் சில்லு சந்தைக்கு வந்ததும் லினக்ஸ் 1.0 வெளியானதும் 1994 மார்ச் மாதத்தில்தான். அதைக் கொண்டு சோதனையும் அதற்குப் பின்னர் பிறந்ததே என்று தீர்ப்பது அவசரம். கையேட்டின் விளக்கம் சோதனைக்குப் பின் சேர்ந்ததாகவும் இருக்கலாம். 2013இல் அந்த விருப்பம் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது.

டைமண்ட் அட்டைகள்: ஒரு பாடபேதம்

பயனர் சொன்னவை வரிசைப்படுத்தப்பட்ட இடம் ‘ஹார்டுவேர் கம்பாட்டிபிலிட்டி ஹௌடு’ எனும் ஆவணம். பட்டியலில் இல்லாத பொருள் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் எழுதித் தெரிவிக்கும்படி அது வாசகரைக் கேட்டுக்கொண்டது. பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும் வரிகளே இதில் ஆய்வாளருக்குப் பயன் தருபவை.

டைமண்ட் நிறுவனத்தின் திரை அட்டைகளை எடுத்துக்கொள்வோம். 1990களின் முற்பகுதியில் அந்நிறுவனம் தன் அட்டைகளின் நிரலாக்க விவரங்களைத் திறந்து தரவில்லை. லினக்ஸில் வரைகலைத் திரைக்கான மென்பொருளை உருவாக்கிய எக்ஸ்ஃப்ரீ86 குழுவும் அவற்றை ஆதரிக்க மறுத்தது. பத்தாண்டின் பிற்பகுதிப் பட்டியலில் பாடம் மாறியிருக்கிறது: பெரும்பாலான அட்டைகள் ஆதரிக்கப்படுகின்றன, நிறுவனமும் இப்போது ஒத்துழைக்கிறது. ஆனால் பழைய அட்டைகளுக்கு முறையான ஆதரவு இல்லாமல் இருக்கலாம், அவற்றை ஓட்ட வழிகள் உண்டு என்ற சொற்களும் அங்கேயே இருக்கின்றன. அந்த ‘வழிகள்’ நிறுவனம் தந்தவையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அட்டையை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிவிட்டவர்கள் முட்டி மோதிக் கண்டவை என்றே கொள்கிறேன். சான்று மெலிதுதான். ஆயினும் அந்தச் சொற்களுக்கு இதைவிட இயல்பான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

‘கண்கள்’ என்று ரேமண்ட் சொன்னதில் சோதிப்போரும் அடக்கம்தானே என்று அவர் தரப்பில் கேட்கலாம். 2003 அக்டோபர் நிகழ்வு அதற்கு விடை. மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2 வெளியானதும் சில எல்.ஜி. சிடி-ரோம் டிரைவ்கள் செயலிழந்தன. இடைநினைவகத்தில் தேங்கியதை எழுதி முடிக்கச் சொல்லும் வழக்கமான கட்டளையை, அந்த டிரைவ்கள் நிலைபொருளைப் புதுப்பிக்கும் கட்டளையாக எடுத்துக்கொண்டதே காரணம். கெர்னல் தரப்பில் எந்தக் கண்ணுக்கும் அந்த வரி தவறாகத் தெரிந்திருக்காது. அந்த டிரைவ் கையில் இருந்தவர்களால் மட்டுமே உண்மை வெளிவந்தது. அதற்கு அவர்கள் தங்கள் பொருளையே விலையாகக் கொடுத்தார்கள். படிப்பவருக்கு இத்தகைய இழப்பு இல்லை. இருவரையும் ‘கண்கள்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது, ஒரு சாராரின் பங்களிப்பை வரலாற்றிலிருந்து அழிப்பதாகும்.

பின்னாளில் இந்தச் சாட்சியத்தைத் தானியக்கமாகத் திரட்டும் முயற்சிகள் வந்தன. 2007இல் ஃபெடோரா 7உடன் வந்த ஸ்மோல்ட், பயனரின் இசைவோடு வன்பொருள் விவரங்களை அனுப்பியது. 2012இல் அது நிறுத்தப்பட்டது. ஓப்பன்பிஎஸ்டி குழு பூட் செய்திகளை அஞ்சலில் அனுப்பச் சொல்லிப் பயனரைக் கேட்கிறது. எச்.டபிள்யு. ப்ரோப் எனும் கருவி இன்று அதே பணியைச் செய்கிறது. இவை பெரும் தொண்டு செய்கின்றன. ஆயினும் எச்.எல்.டி. வரியின் குறை இவற்றிலும் தொடர்கிறது: அறிக்கை அனுப்பும் அளவுக்குப் பிழைத்த கணினிகள்தான் பெரும்பாலும் கணக்கில் ஏறுகின்றன. பூட் ஆகாத கணினியின் உரிமையாளர் வேறு கணினி தேடிப்போய் எழுதினால்தான் அதன் கதை பதிவாகும். அவர் சலித்துப் பழைய இயங்குதளத்துக்குத் திரும்பிவிட்டால் அது பதிவாகாமலே போகும்.

ஆகவே பொருந்துதன்மைப் பட்டியல்களை வரலாற்று ஆவணமாகப் பயன்படுத்துவோர், ‘வேலை செய்கிறது’ என்ற பதிவையும் ‘வேலை செய்யவில்லை’ என்ற பதிவையும் சம எடையில் வைக்கக் கூடாது. தோல்வியை எழுதி அனுப்பியவர் மேலதிக உழைப்பைத் தந்திருக்கிறார். அந்தப் பதிவு அரிது, அதனாலேயே மதிப்பு மிக்கது. எந்தப் பதிப்பில் எந்தப் பொருளுக்கு ஆதரவு வந்தது என்ற நாள்வரிசை நம்மிடம் ஓரளவு இருக்கிறது. அந்தந்தப் பொருளை யார் கையில் வைத்திருந்து சொன்னார்கள் என்ற வரிசையையும் அதன் பக்கத்தில் வைத்த பிறகே, லினக்ஸ் ஒரு மேசையிலிருந்து எப்படி இத்தனை இயந்திரங்களுக்குப் பரவியது என்பதற்கு விளக்கம் எழுதத் தொடங்க முடியும்.